நொண்டிக்கு ஏன் அந்தப் பெயர்

கேபினுக்குள் முதலில் ஏறியது அவருடைய வலது ஷூதான். புத்தம் புதுக் கறுப்புத் தோல். குனிந்தால் முகம் பார்க்கலாம். கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு மூச்சு நின்றார், இடது காலையும் தூக்கி வைத்தார், உள்ளே வந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். எண்பதைத் தொடப்போகிறவர் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். தினமும் காலையில் ஓடுவதாகப் பேட்டியில் சொல்லியிருந்தார். நன்றாக ஓடட்டும், அந்த வலது காலை எனக்காகப் பத்திரமாக வைத்திருக்கட்டும் என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

"நீங்கதான் இன்னைக்கு டிரைவராம்மா?"

"இன்னைக்கு நீங்கதான் சார் டிரைவர். நான் பக்கத்துல நிப்பேன். கால் உங்களோடது, பிரேக் என்னோடது."

அதை ரசித்துச் சிரித்தார். மேசையைத் தடவினார், மீட்டர்களின் கண்ணாடியை விரலால் தட்டினார், இருக்கையின் பச்சை உறையைக் கிள்ளிப் பார்த்தார். "அப்படியே இருக்கு" என்றார்.

"நீங்க கேட்ட மாதிரியே சார். ஒரு ஆணிகூட மாறல."

இந்த ரயில் வண்டியை வரைந்து கொடுத்தவர் அவர். கரி அள்ளிப் போடுகிற எஞ்சின்கள் ஓடிய காலத்தில், மேலே ஒரு கம்பிகூட இல்லாமல் மின்சாரத்தில் ஓடும் வண்டி என்று ஊரே திரண்டு வந்து பார்த்ததாம். சூட்சுமம் பெரிதில்லை. தரைக்குக் கீழே ஒரு டீசல் எஞ்சின். அது சக்கரத்தைச் சுற்றாது, ஜெனரேட்டரைச் சுற்றும். ஜெனரேட்டர் தரும் மின்சாரம் அச்சிலிருக்கும் மோட்டாருக்குப் போகும், மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். வண்டியின் இரு முனையிலும் இப்படி ஒவ்வொன்று. ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்துவிடும். முதலில் பெரிய லைனில், நடுவில் எங்கும் நிற்காத வண்டியாக, மெத்தை இருக்கைகளோடு ராணி மாதிரி ஓடியது. அதைவிட வேகமானவை வந்ததும் பக்கத்து ஊர் வண்டியாகிவிட்டது. பிறகு கிளை லைனில் பள்ளிக்கூடப் பைகளையும் காய்கறி மூட்டைகளையும் சுமந்தது. கடைசி வருஷங்களில், வேறு வண்டி கோளாறானால் மட்டும் கூப்பிடுகிற ஆளாக ஷெட்டின் மூலையில் நின்றது. இப்போது அருங்காட்சியகத்துக்குப் போகிறது. ஷெட்டிலிருந்து பழைய ஸ்டேஷன் வரை கடைசி ஓட்டம். லைனில் வேறு வண்டி கிடையாது, உருவாக்கியவரே ஓட்டுவார் என்று ஏற்பாடு.

ஷெட்டில் இதற்கு நொண்டி என்று பெயர். பெயர்க் காரணத்தைப் பேட்டியில் அவரே விளக்கியிருந்தார். ஒரு எஞ்சின் நின்றாலும் ஒற்றைக் காலில் நொண்டியாவது பயணிகளை வீடு சேர்த்துவிடுமாம், அதனால் ஊழியர்கள் அன்போடு அப்படிக் கூப்பிட்டார்களாம். இதைப் படித்துவிட்டு ஷெட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நொண்டியது வண்டி இல்லை. அதிலிருந்து இறங்கிய டிரைவர்கள்.

ஓட்டுகிறவரின் மேசைக்குக் கீழே வலது காலுக்கு ஒரு பெடல் இருக்கிறது. வண்டி ஓடும் நேரமெல்லாம் அதை அமுக்கியே வைத்திருக்க வேண்டும். காலை எடுத்தால் ஒரு மணி கத்தும். அப்போதும் மிதிக்காவிட்டால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் மயங்கிச் சரிந்தால் வண்டி நிற்க வேண்டும், அதற்காக. இந்த மாதிரிப் பெடல் எல்லா வண்டியிலும் உண்டு. இவர் அதில் ஒரு படி மேலே போய் யோசித்தார். மயங்கியவரின் கால் பாரமே பெடலை அமுக்கி வைத்துக்கொண்டால் என்ன ஆவது? ஆகவே உயிரில்லாத கால் அமுக்க முடியாதபடி ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்தார். யோசனை தப்பில்லை, நானே ஒத்துக்கொள்கிறேன். உயிரில்லாத காலைப் பற்றி அத்தனை யோசித்தவர் உயிருள்ள காலை மறந்துவிட்டார். புறப்பட்டு அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் நடுங்கும், ஒரு மணியில் தொடை மரத்துப்போகும். இறங்கினால் பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் காலை இழுத்துக்கொண்டுதான் நடக்க முடியும். எந்த டிரைவர் எந்த வண்டியில் வந்தார் என்று நடையை வைத்தே சொல்லிவிடலாம். "என்ன, இன்னைக்கு நொண்டியா?" என்று கேட்டுக் கேட்டு அது வண்டிக்கே பெயராகிவிட்டது.

டிரைவர்கள் என்ன முட்டாள்களா. வண்டியோடு கொடுக்கப்பட்ட இரும்பு டூல் பாக்ஸ் மேசைக்கும் பெடலுக்கும் நடுவே கச்சிதமாக உட்காரும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அதை இறுக்கி வைத்துவிட்டால் காலுக்கு விடுதலை. எல்லோரும் வைத்தார்கள். மேலதிகாரிகளுக்கும் தெரியும், கேபினுக்கு வரும் முன் கதவைத் தட்டிவிட்டு, பெட்டியை எடுக்கிற அவகாசம் கொடுத்துத்தான் உள்ளே வருவார்கள். இதில் டிரைவராக இருந்த என் அப்பாவும் வைத்தார். ஒருநாள் கொதிக்கிற காய்ச்சலோடு, மாற்று ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பப்பட்டு, பெட்டியைப் பெடல் மேல் வைத்து ஓட்டி வந்தவர் ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் மயங்கிவிட்டார். வண்டிக்கு அது தெரியவில்லை. தண்டவாளம் முடிகிற இடத்துத் தடுப்பில் போய் மோதி நின்றது. யாரும் சாகவில்லை, ஆனால் கையும் காலும் உடைந்தவர்கள் நிறைய. மறுநாள் செய்தித்தாளில் அப்பாவுக்கு ஒரு பெயர் கிடைத்தது: தூங்கிய டிரைவர்.

விசாரணையில் பெடல் கனம் என்று அப்பா சொன்னார். வண்டியை வரைந்தவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் ஒரே வாக்கியம் சொன்னார்: "ஆரோக்கியமான காலுக்கு அது ஒரு பாரமே இல்லை." அத்தோடு கதை முடிந்தது. அப்பா சோம்பேறி, இல்லாவிட்டால் நோயாளி, இரண்டில் எது என்பதுதான் மிச்சம். வேலை போனது. ஒரு கிடங்கு வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அந்த வாக்கியம் தங்கிவிட்டது. அம்மா தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏற்றும்போது சொல்வாள். அரிசி மூட்டையை மாடிக்குத் தூக்கும்போது மூச்சு வாங்கிக்கொண்டு சொல்வாள். கடைசியில் ஆஸ்பத்திரியில், கையைத் தூக்க முடியாமல் கிடந்தவள், நர்ஸ் தலையணையை மாற்றும்போது என்னைப் பார்த்து, "ஆரோக்கியமான ஆளுக்கு இதெல்லாம் ஒரு பாரமே இல்லடி" என்று சொல்லிச் சிரித்தாள். அப்பா அப்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்.

நான் டிரைவர் ஆனது ஆசையால் இல்லை, வீம்பால். பழகுவதற்கு இதே வகையில் பின்னால் வந்த வண்டியைக் கொடுத்தார்கள். முதல் நாள் பெடலை மிதித்தேன். பஞ்சு மாதிரி அமுங்கியது. அருகில் நின்றவர், "இது ரெண்டாவது தடவை செஞ்ச வண்டி, பெடலை மாத்திட்டாங்க" என்றார். எப்போது என்று கேட்டேன். அந்த விபத்துக்கு அப்புறமாம். பாரமே இல்லை என்று சொல்லிவிட்டு, போய் உட்கார்ந்து சத்தமில்லாமல் இலேசாக்கியிருக்கிறார் மனுஷர். பழைய வண்டிக்கும் அதே பெடலை மாட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் கால் பிழைத்தது, அப்பாவின் பெயர் மட்டும் அப்படியே கிடந்தது. அன்றைக்கே எனக்குள் ஒன்று முடிவாகிவிட்டது. அப்பா உயிரோடு இருக்கும்போதே அந்த வாக்கியத்தை இவர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வாயால் முடியாவிட்டால் காலால்.

வழியை அவரே போட்டுக் கொடுத்தார். அருங்காட்சியகத்துக்காக வண்டியைப் புதுப்பிக்கும்போது, முதல் நாள் எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும், பல்பு முதல் ஆணி வரை மாறக்கூடாது என்று ஷெட்டுக்கே வந்து பிடிவாதம் பிடித்தார். எங்கள் ஃபிட்டர், ஸ்பேனர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான், தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, பழைய பெடல் ஸ்பிரிங் பழைய இரும்போட கெடக்குது. அதையும் போடணுமா?"

"அவர் என்ன சொன்னார்?"

"ஒண்ணு விடாமன்னு சொன்னார்."

"அப்புறம் என்ன கேள்வி. பெரியவங்க பேச்சைத் தட்டலாமா?"

அவன் தலை சொறிவதை நிறுத்தினான். "டூல் பாக்ஸும் இருக்குக்கா. நசுங்கினது." அதையும் வைக்கச் சொன்னேன்.

அப்பாவை வரவழைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் வந்து என்ன பண்ணப் போறேன்" என்றார். ரயில் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்துகிறவர். நானும் விடவில்லை.

"சும்மா பிளாட்பாரம் கடைசியில உக்காருங்கப்பா. நான் வண்டியை ஒழுங்கா நிறுத்தறேனான்னு பாருங்க. அவ்வளவுதான்."

"அவன் வருவானா?"

"வருவார்."

கடைசி ஓட்டத்தன்று காலையில் பார்த்தால், வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காலர் மடிப்பைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார்.

ஆக, வண்டி கிளம்பும் நேரம் வந்தது. அவர் இருக்கையில் உட்கார்ந்து வலது காலைப் பெடலில் வைத்தார். அமுங்கவில்லை. இன்னும் ஊன்றினார், இறங்கியது. "கொஞ்சம் கனமா இருக்கே" என்றார்.

எத்தனை வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தேன். நிதானமாகச் சொன்னேன். "ஆரோக்கியமான காலுக்கு அது ஒரு பாரமே இல்ல சார்."

அவர் முகம் மாறும், நிமிர்ந்து என்னைப் பார்ப்பார், யார் நீ என்று கேட்பார் என்றெல்லாம் எண்ணியிருந்தேன். அவர் மலர்ந்து சிரித்தார். "அதென்னவோ வாஸ்தவம்" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். என் அம்மா சாகும்வரை சுமந்த வாக்கியத்தை, அதைச் சொன்ன மனுஷர் தனக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்து வைத்துக்கொண்டார். அவருக்கு நினைவே இல்லை. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

கைப்பிடியை எப்படித் திருப்ப வேண்டும் என்று காட்டினேன். கீழே எஞ்சின் உறுமியது, மோட்டார் மெல்லப் பாடத் தொடங்கியது. சும்மா சொல்லக்கூடாது, வண்டி அருமையாக எடுத்தது. பின்னால் பெட்டிகளில் ஷெட்டு ஆட்களின் குடும்பங்கள். எல்லோரும் எழுந்து நின்று ஜன்னலில் தொங்கிக்கொண்டு வந்தார்கள், சிறுசுகள் இருக்கை மேல் ஏறி நின்றன. ஒவ்வொரு மேம்பாலத்திலும் ஆட்கள் கையசைத்தார்கள். அவரும் அசைத்தார். ஜெனரேட்டரைப் பற்றிச் சொன்னார், வர்ணத்தைத் தானே தேர்ந்தெடுத்ததைச் சொன்னார், முதல் ஓட்டத்தில் எந்த மந்திரி வந்தார் என்று சொன்னார். பாதி வழி தாண்டியதும் பேச்சு குறைந்தது. கை முழங்காலைத் தேய்க்கத் தொடங்கியது. ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார், பிறகு மறுபக்கம். இடது காலை மாற்றி வைக்கப் பார்த்தார்; மேசையின் கால் இடித்தது. அதையும் அவர்தான் வரைந்தார்.

அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. கெண்டைக்கால் பேன்ட்டுக்குள் துடிப்பது வெளியே தெரிந்தது. அப்போது அவர் கண் மேசைக்குக் கீழே போனது. அங்கே நசுங்கிய டூல் பாக்ஸ் இருந்தது. பெட்டியைப் பார்த்தார், பெடலைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். எங்கள் டிரைவர்கள் வாரக் கணக்கில் யோசித்துக் கண்டுபிடித்ததை அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் இதுமேல வச்சா என்ன?"

"வைக்கக் கூடாது சார். குத்தம்."

"யாருக்குத் தெரியப்போகுது. கொஞ்ச நேரம்தான்."

"இதே பெட்டியை வச்சு ஒருத்தருக்கு வேலை போச்சு சார்."

அவர் புருவத்தைச் சுருக்கினார். இப்போதாவது நினைவு வரும் என்று காத்திருந்தேன். "ஆமாமா, ஒருத்தன் இருந்தான்" என்றார். "தூங்கின ஆளு. நல்ல வண்டிக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துட்டான்."

அந்த நிமிஷத்தில்தான் மணி கத்தியது. அவர் கால் அவரை அறியாமல் மேலே வந்துவிட்டது. பதறி மிதித்தார்; பாதிதான் இறங்கியது. என்ன வேண்டுமோ அது என் முன்னால் வந்து நின்றது. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, சும்மா நின்றால் போதும். பிரேக் விழும், வண்டி குலுங்கி நிற்கும், பாலம் நிறைய கேமராக்கள், உருவாக்கியவரின் கையில் உருவாக்கிய வண்டி நடுவழியில் மக்கர் பண்ணி நிற்கும். நாளைக்குச் செய்தித்தாளில் அவருக்கும் ஒரு பெயர் கிடைக்கும். ஆனால் பின்னால் இருக்கை மேல் ஏறி நிற்கும் சிறுசுகள். ஸ்பேனர் மனைவி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அதோடு, பொறுப்பு டிரைவர் நான். அப்பன் தூங்கினான், மகள் வேடிக்கை பார்த்தாள் என்றுதான் எழுதுவார்கள்.

என் வலது பூட்ஸைத் தூக்கி அந்தப் புது ஷூவின் மேல் வைத்து ஊன்றினேன். பெடல் தரை வரை இறங்கியது. மணி நின்றது.

"அம்மா, வலிக்குது" என்றார்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் சார். வெளியே பாருங்க, எல்லாரும் உங்களுக்குத்தான் கை காட்டறாங்க."

அவர் கையசைத்தார். பெடலுக்கு எவ்வளவு வேண்டுமோ அதைவிட ஒரு பிடி அதிகமாகவே அழுத்தினேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. காலை உருவப் பார்த்தார், விடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டு, வளைவிலும் பாலத்திலும் சிக்னல் கம்பத்தருகிலும் நின்ற ஒவ்வொரு ஆளுக்கும் கையசைத்துக்கொண்டே வந்தார். ஒருமுறை என் பக்கம் திரும்பி, "இதை எப்படித்தான் ஓட்டினாங்க" என்று முனகினார். என்னைக் கேட்டாரா, தன்னைக் கேட்டுக்கொண்டாரா, தெரியாது. நான் லைனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்டேஷன் வந்தது. வாத்தியக் குழு ஒரு பக்கம், ரிப்பன் ஒரு பக்கம், ஷெட்டின் பழைய ஆட்கள் வரிசையாக. எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி பெஞ்சில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. அதற்கு அப்பால், அன்று அப்பாவின் வண்டி மோதிய அந்தத் தடுப்பு. பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, கேபின் கதவு அப்பாவுக்கு நேர் எதிரே வரும்படி நிறுத்தினேன். ஒரு உலுக்கல்கூட இல்லை. அப்பா சக்கரத்தைப் பார்த்தார், தடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்போதுதான் பூட்ஸை எடுத்தேன்.

"எறங்குங்க சார். காத்துக்கிட்டிருக்காங்க."

எழுந்தார். கதவு வரைக்கும் மேசையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், போட்டோக்காரர்கள் ஓடி வருவதைப் பார்த்ததும் கையை விட்டுவிட்டு, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பீரமாக வலது காலைப் பிளாட்பாரத்தில் வைத்தார். கால் மடங்கியது. பெஞ்சிலிருந்து எழுந்து அருகில் நின்றிருந்த அப்பாவின் தோளை எட்டிப் பிடித்தார். பழைய டிரைவர்கள் வரிசையில் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் அவருடைய காலைப் பார்த்துத் திரும்பியது.

"மெதுவா சார்" என்றார் அப்பா. "எறங்கின உடனே அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் நடந்தா சரியாயிடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இதுல இருந்து எறங்கின எல்லாருக்கும் தெரியும். அதனாலதான இதுக்கு நொண்டின்னு பேரு."

அவர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். மேலே என் பூட்ஸின் அச்சு வரி வரியாகப் பதிந்திருந்தது. பிறகு நிமிர்ந்து, தான் பிடித்திருந்த மனுஷரின் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க..." என்றார்.

"தூங்கின ஆளு" என்றார் அப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேபினில் பேசியது அப்பாவுக்குத் தெரியாது. அந்தப் பெயர் அவரிடம் எப்போதும் இருந்தது, அவ்வளவுதான். வண்டியை வரைந்தவர் சட்டென்று கையை எடுக்கப் பார்த்தார். விரல்கள் தோளை விட்டு எழும்பின, முழங்கால் மடங்கியது, விரல்கள் மறுபடி சட்டையைப் பற்றின. இன்னொரு தடவை எடுக்கப் பார்த்தார். கால் கேட்கவில்லை. அப்பா அவரைத் தாங்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. வாத்தியம் முழங்கத் தொடங்கியது. போட்டோக்காரர் ஒருவர் முட்டி போட்டு உட்கார்ந்து, "பெரியவங்க ரெண்டு பேரும் கொஞ்சம் இப்படிப் பாருங்க" என்றார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். அப்பாவின் தோளில், காலையில் அத்தனை நேரம் தேய்த்த வெள்ளைத் துணி, அந்தப் பிடிக்குள் கசங்கிக்கொண்டிருந்தது.